வயித்துவலின்னே எழுதுங்க

காசிமாயன் மருந்து பாட்டிலை நீட்டி, "மொதல்ல நீ ஒரு மடக்கு குடி" என்றான். ஒச்சம்மாள் குடித்தாள். அவனுக்கு வயிற்றுவலி என்று சொல்லி, மில் தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் வாங்கி வந்த சிவப்பு மருந்து. ஒரு கோளாறும் இல்லாத பெண்டாட்டிதான் மாசி மாதத்திலிருந்து அதைக் குடித்துக்கொண்டிருக்கிறாள், கூத்தைப் பாருங்கள். குடித்தவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிவிடுவான். மில் தண்ணீர்ப் பானையில் தனக்கென்று யாரோ எதையோ கலக்கிறார்கள் என்றுதான் அவன் சந்தேகம் ஆரம்பித்தது. பிறகு வீட்டுக் குடம், அதன்பின் சோறு. பஞ்சுப் பொதியை ஒற்றை ஆளாகப் புரட்டிய மனுசனுக்கு இப்போது வேட்டி இடுப்பில் நிற்பதில்லை.

பாண்டி கோயிலுக்கும் போய் வந்தாயிற்று. பூசாரி கொடுத்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, அதையும் அவளைத்தான் முதலில் குடிக்கச் சொன்னான்.

டிஸ்பென்சரி லேடி டாக்டர் ஒருநாள் அவனை வெளியே உட்காரச் சொன்னார். "வயித்துல ஒண்ணும் இல்லம்மா. மனசுக்குத்தான் வைத்தியம் பார்க்கணும். இங்க அதுக்கு டாக்டர் கிடையாது."

"தெரியும் தாயி. தெரிஞ்சுதேன் வயித்துவலின்னு சொன்னேன். வயித்துவலின்னே எழுதுங்க, மாத்திராதீக."

அவள் பயம் அவளுக்கு. போன வருஷம் அதே மில்லில் விருமாண்டிக்கு மூளைக்கோளாறு என்று ஒரு பேச்சு கிளம்பியது. மெஷின் பக்கம் இவனை எப்படி விடுவது என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். வேலை போனால் சோறு போச்சு. வைத்தியம் பார்க்கிற இ.எஸ்.ஐ. அட்டையும் கூடவே போச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அட்டையைத் தூக்கிக்கொண்டு டவுனில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர்களைத் தேடி அலைந்தாள். ஒரு இடத்தில் கம்பவுண்டர் அட்டையைத் தொடக்கூட இல்லை. "இதெல்லாம் இங்க செல்லாதும்மா." இன்னொரு இடத்தில் கேட்ட ஃபீசுக்குத் தாலியைத்தான் கழற்ற வேண்டும். சுற்றிச் சுற்றி லேடி டாக்டரிடமே வந்து நின்றாள்.

"பெரியாஸ்பத்திரில வியாழக்கிழமை பார்ப்பாங்க. என் சீட்டுக்குக் காசு கேக்க மாட்டாங்க. ஆனா வயித்துவலின்னு எழுதினா வயித்து டாக்டர்கிட்டதான் அனுப்புவாங்க. உள்ளதை எழுதட்டுமா?"

எழுதச் சொன்னாள். சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். ஏதோ களவாடி வந்தவள் மாதிரி மாராப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் இடம் பிடித்து அவனை உட்கார வைத்தபோதுதான் எதிரில் கண்ணுச்சாமியைப் பார்த்தாள். மில்லில் காசிமாயனோடு ஒரே ஷிப்டு. விரல் நசுங்கி, பக்கத்து அறையில் கட்டு மாற்ற வந்திருந்தான்.

"என்ன மதினி, அண்ணனுக்கு இன்னும் வயிறு சரியாகலையா?"

"எங்கிட்டுச் சரியாகுது. இன்னைக்கு என்னமோ படம் எடுத்துப் பாக்கணுமாம்" என்றாள். பொய் தானாகவே வாயில் வந்தது.

கதவைத் திறந்து ஆஸ்பத்திரி ஆள் சத்தம் போட்டான். "மனநோய்க்கு இ.எஸ்.ஐ. சீட்டு கொண்டாந்தவங்க யாராவது இருக்கீங்களா?"

ஒச்சம்மாள் அசையவில்லை. சீட்டு நெஞ்சில் சுட்டது. கண்ணுச்சாமி எழுந்து போய்த் தொலைய மாட்டானா என்று சாமியைக் கும்பிட்டாள். அவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"கடைசியாக் கேக்குறேன். இல்லேன்னா அடுத்த வாரந்தான்."

அடுத்த வாரம்! முந்தாநாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடக்கிறான். அப்போதும் அவளுக்குக் கால் எழவில்லை.

காசிமாயன் எழுந்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தேன்யா" என்றான். "எனக்குத்தேன். தலைக்குள்ள சரியில்ல. அவளும் எம்புட்டு நாளைக்கு எனக்காகக் குடிச்சுக்கிட்டுக் கெடப்பா?"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. ஒச்சம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெட்கமா, சந்தோஷமா என்று அவளுக்கே விளங்கவில்லை. ஒரு சொல்லில் இந்த மனுசன் முடித்துவிட்டானே, மறைத்து மறைத்து நான்தான் இத்தனை நாள் அவனைப் பட்டினி போட்டேனா? சீட்டை எடுத்து ஆஸ்பத்திரி ஆளிடம் கொடுத்தாள். காசிமாயன் உள்ளே போனான். அவளும் வாசற்படியைத் தாண்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

கண்ணுச்சாமி பெஞ்சில் இல்லை. மில்லுக்குத்தான் ஓடினானோ? கட்டு மாற்றும் அறை வாசலில் நர்ஸ் நின்றுகொண்டு, அவன் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.