ஒன்றேகால் அங்குலம் கீழே

கணவன் வெண்டலின் அடக்கத்துக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. கருப்பு உடையின்மேல் வெண்டலின் பழைய கித்தான் சட்டையை மாட்டிக்கொண்டு, துப்பாக்கி சுடும் மன்றத்தின் சுடுகளத்து மேசையில் உட்கார்ந்து, துப்பாக்கிக் குழலின் நுனியில் நோரீன் சைலன்சரைத் திருகிக்கொண்டிருந்தாள். கையால் முடிந்தமட்டும் இறுக்கினாள். பிறகு கழற்றி, திருகு மரையைத் துணியால் துடைத்து, மறுபடி இறுக்கினாள். மரையில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் குண்டு வேறு இடத்துக்குப் போய்விடும் என்று மூன்று மாதமாகச் சொல்லிவந்தவள் அவள்தான்.

வெண்டலின் தம்பி ஆர்லோ பின்னால் நின்றிருந்தான். அவள் துப்பாக்கிப் பெட்டியை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்ததும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, "நானும் வரேன் அண்ணி" என்று ஏறிக்கொண்டவன். தன்னைத் துப்பாக்கியோடு தனியாக விடப் பயந்துதான் வருகிறான் என்பது அவளுக்குத் தெரியும்.

"இன்னைக்கே பாக்கணுமா?" என்றான்.

"இன்னைக்கே பாக்கணும்."

அந்தத் துப்பாக்கி அவள் செய்தது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் லேத் போட்டுப் பத்தொன்பது வருடமாக அந்த வட்டாரத்து வேட்டைக்காரர்களுக்குக் குழல் கடைந்து கொடுக்கிறாள். போன குளிர்காலம் முழுக்க மற்ற வேலைகளுக்கு நடுவே வெண்டலுக்காக இதைச் செய்தாள். விசையை அழுத்த அழுத்தத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை. ஏப்ரலில், பனி முழுதாக உருகுவதற்கு முன்பே, வெண்டல் இதே மேசையிலிருந்து நூறு கெஜத்தில் ஐந்து குண்டு சுட்டான். ஐந்தையும் ஒரு ஐந்து சென்ட் காசால் மூட முடிந்தது. அந்த இலக்கு அட்டை ஆறு மாதம் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. இன்று காலை ஆர்லோவின் மனைவி அதை எடுத்துக்கொண்டு போய்த் தேவாலயத்தில் புகைப்படப் பலகையின் நடுவில் குத்தி வைத்திருக்கிறாள்.

சைலன்சருக்கு அரசாங்க அனுமதி ஜூலையில்தான் வந்தது. நாற்பது வருடம் சுட்டு வெண்டலின் இரண்டு காதிலும் ஓயாமல் ஒரு ரீங்காரம் இருந்தது. அதற்காகத்தான் சைலன்சர். மாட்டிய முதல் நாளே குண்டுகள் சிதறின. உள்ளங்கை அகலத்துக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல்.

குண்டு இறங்கும் என்பதை நோரீன் எதிர்பார்த்திருந்தாள். நுனியில் அவ்வளவு எடை தொங்கினால் குழல் சுடும்போது வேறு விதமாக அதிரும், குண்டு கொஞ்சம் கீழே போகும். ஆனால் ஐந்தும் சேர்ந்து போகும். துப்பாக்கியின்மேல் உள்ள தொலைநோக்கியைத் திருத்திக்கொண்டால் போதும். சைலன்சர் புகையைப் பின்னால் தள்ளுவதால் உள்ளே எல்லாம் வேகமாக அடித்துக்கொள்ளும், கரி பறந்து கண்ணில் எரியும். அதற்காக வாயுவைக் கட்டுப்படுத்தும் திருகை ஒவ்வொரு படியாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தாள். தோட்டா ரகத்தை நான்கு முறை மாற்றினாள். குழலுக்குள் நேர்க்கம்பி விட்டுப் பார்த்தாள். நேராக இருந்தது. அளவுக் கருவியால் அளந்தாள். சரியாக இருந்தது. இருந்தும், தன் அளவில்தான் எங்கோ தப்பு என்று நினைத்து மரையை வெட்டியெறிந்து புதிதாகப் போட்டாள். இரண்டு முறை.

நான் ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டதுண்டு. "எனக்குச் செஞ்ச துப்பாக்கி. நான் பாத்துக்கறேன்" என்றுவிட்டான் வெண்டல். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, குண்டு எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன சனிக்கிழமை அட்டையைக் கொண்டுவந்து மேசையில் போட்டவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "மரை கோணலா இருக்கு, நோரி. உன் கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"அப்ப வேற யார்கிட்டயாவது குடுத்துச் செஞ்சுக்கோ."

வண்டி வீடு வந்தது. அவள் நேராகக் கொட்டகைக்குப் போய் லேத்தை ஓட்டினாள். அந்தச் சத்தத்தில் ஏணி சரிந்தது கேட்கவில்லை. கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரத்தில் அடைத்திருந்த இலைகளை அள்ள அவன் ஏறியிருந்தான். மதியத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்க வெளியே வந்தபோதுதான் பார்த்தாள். ஏணிப்படி ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது என்றார்கள் எல்லாரும். அவளும் அப்படித்தான் சொன்னாள். ஐந்து நாளாக அவளைத் தூங்கவிடாதது ஏணி அல்ல. என் வேலை கோணல் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டான் என்பதுதான்.

கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, சுட்டாள். தடித்த புத்தகம் ஒன்று பலகைத் தரையில் விழுந்த மாதிரிச் சத்தம். ஐந்து முறை.

தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். நடுப்புள்ளிக்குக் கீழே ஒரே ஒரு ஓட்டை. ஐந்தும் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு.

தற்செயலாக இருக்கலாம் என்று நினைத்தாள். சூடான சைலன்சரைத் துணியால் பிடித்துக் கழற்றினாள், துடைத்தாள், மாட்டினாள், இன்னும் ஐந்து சுட்டாள். அதே ஓட்டை கொஞ்சம் பெரிதானது, அவ்வளவுதான். பிறகு சைலன்சரைக் கழற்றி வைத்துவிட்டு ஐந்து. இந்த முறை பைன் மரங்களிலிருந்து காக்கைகள் எழும்பின. ஆர்லோ காதைப் பொத்திக்கொண்டான். ஐந்தும் நடுப்புள்ளியில் இருந்தன. நடந்து போய் அட்டையை எடுத்து அளவுகோலை வைத்தாள். இரண்டுக்கும் நடுவே ஒன்றேகால் அங்குலம். எந்தத் துப்பாக்கியும் செய்வதைத்தான் இதுவும் செய்தது.

"அண்ணி, இது நல்லாத்தானே சுடுது?"

"ஆமா."

தன் வேலை கோணல் இல்லை என்ற நிம்மதி வந்தது. மேசைக்குத் திரும்பி நடக்கிற தூரம்வரை அப்படி இருந்தது.

துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கும்போது அடியில் இருந்த பஞ்சு மெத்தை சரியாகப் படியவில்லை. தூக்கினாள். நாலாக மடித்த ஒரு இலக்கு அட்டை. மூலையில் செப்டம்பர் பதினான்கு என்று தேதி. அவள் எஃகுக் கம்பி வாங்க நகரத்துக்குப் போயிருந்த நாள். தேதிக்குக் கீழே வெண்டலின் கையெழுத்தில் 'சைலன்சர் இல்லாமல்' என்று இருந்தது. குழி விழுந்த சாலையில் ஓடும் வண்டிக்குள் உட்கார்ந்து எழுதியது போன்ற எழுத்து. ஐந்து ஓட்டைகள். இரண்டு வட்டத்துக்கு வெளியே.

அதை மேசையில் வைத்து மடிப்புகளை நீவினாள்.

ஜூனிலிருந்து அவன் திருகுமூடி போட்ட குவளையில்தான் காப்பி குடித்தான். சூடு ஆறாமல் இருக்கும் என்றான். சவரம் செய்வதை விட்டான். குளிர்காலம் வரப்போகிறதே என்றான். பொத்தான் வைத்த சட்டைகள் அலமாரியிலேயே தொங்கின. வண்டிச் சாவியை அவளிடம் நீட்டி, நீ ஓட்டு, நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறேன் என்றான். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அவளும் எல்லாவற்றையும் நம்பினாள். இந்த மேசையில் அவன் முழங்கை இடிக்கிற தூரத்தில் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் நூறு கெஜத்துக்கு அப்பால்.

அந்த நடுங்குகிற கையோடுதான் அவனை ஏணியில் ஏற விட்டிருக்கிறாள்.

"என்ன அண்ணி அது?"

"பழைய அட்டை." மடித்துக் கித்தான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித்தொடை ரொட்டி, பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, பச்சை நிற ஜெல்லி. புகைப்படப் பலகையைச் சுற்றி மன்றத்து ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர். வெண்டல் எப்படிச் சுடுவான் என்று ஒவ்வொருவரும் ஒரு கதை வைத்திருந்தார்கள். இந்த வயதில் இந்தக் கை யாருக்கு வரும் என்று ஒருவர் சொல்ல, ஏப்ரல் மாதத்து அட்டைமேல் ஹாங்க் ஒரு ஐந்து சென்ட் காசை வைத்துக் காட்டினார். ஹாங்க் அவளிடம் மான் வேட்டைக்குத் துப்பாக்கி செய்யச் சொல்லியிருந்தவர். அவளைப் பார்த்ததும் காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"கேக்கக் கூடாதுதான், நோரீன். அந்த சைலன்சர் வந்ததுல இருந்து எங்கயோ இடிக்குதுன்னு பொலம்பிட்டே இருந்தான் மனுஷன். கடைசில என்னதான்னு தெரிஞ்சுதா?"

ஆர்லோ வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினான். "இல்லையே, காலைலதான் அண்ணி…"

"தெரிஞ்சுது" என்றாள் நோரீன். "மரைய நான்தான் கோணலா வெட்டியிருக்கேன். ரெண்டு தடவையும். வெண்டல் அப்பவே சொன்னான்."

ஹாங்க் தன் தட்டைப் பார்த்தார். "எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கோட்டை மாட்டிக்கொண்டு விடைபெறும்போது, தன் துப்பாக்கிக்கு ஒன்றும் அவசரமில்லை, இந்த வருஷம் வேட்டைக்குப் போகிற யோசனையே இல்லை என்றார். சரி என்றாள்.

ஆர்லோதான் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டான். பாதி வழியில் கேட்டான்.

"ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க? நான் என் கண்ணால பாத்தேனே."

"வைப்பரைப் போடு ஆர்லோ. மழை."

அவன் போட்டான்.

வீட்டில் ஏணி கொட்டகைச் சுவரோரம் படுத்திருந்தது. யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். கூரைத் தகரத்தின் இடது பாதியில் தண்ணீர் ஒழுங்காக ஓடிக் குழாயில் இறங்கியது. வலது பாதியில் இலைகள்மேல் தேங்கி, விளிம்பு வழிந்து, சன்னலுக்கு முன்னால் கொட்டியது. அவள் சட்டையைக் கழற்றாமல் சமையலறையில் நின்றிருந்தாள்.

கழுவுதொட்டியின் ஓரத்தில் அவனுடைய குவளை சனிக்கிழமையிலிருந்து அப்படியே இருந்தது. மூடி இறுகியிருந்தது. இரண்டு முறை முயன்று திறந்தாள். மரையில் காப்பி கருப்பாகக் காய்ந்து படிந்திருந்தது. பட்டறைக்குப் போய், குழலின் மரையைச் சுத்தம் செய்கிற சின்னத் தூரிகையை எடுத்துவந்தாள். ஒவ்வொரு சுற்றாகத் தேய்த்தாள், அலசினாள், துணியால் துடைத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூடியைப் பிசகாமல் பொருத்தி, கையால் முடிந்தமட்டும் இறுக்கினாள்.