ராஜாவுக்கும் யூ, பூனைக்கும் யூ

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு மூக்குக்கண்ணாடியின் தளர்ந்த காலை முடுக்கிக்கொண்டிருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் கண் பரிசோதிக்கும் அறையிலிருந்து மகளின் குரல் கேட்டது. "நோ, நோ! யூ ஆர் ராங்!" திருப்புளி அப்படியே நின்றது.

"யாரும்மா போன்ல?"

"ஒரு டீச்சர்ப்பா. இங்கிலீஷ் பேசிப் பழகுறேன்."

"டீச்சரையா யூங்கிற?"

"இங்கிலீஷ்ல எல்லாருக்கும் அதாம்ப்பா. ராஜாவுக்கும் யூ, பூனைக்கும் யூ."

"மரியாதை கெட்ட பாஷை" என்று முனகிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

மரியாதை அவருக்கு உயிர். தெருவில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். முதுகு நாற்காலியில் சாயாது. சொன்ன சொல் மாறாது. ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பரிசோதனை அறைச் சுவரில் தொங்கும் பலகையின் எழுத்துகள்தான். மேல்வரிசை முதல் கடைசிப் பொடி எழுத்துவரை கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். அவற்றைச் சேர்த்து நாலு வார்த்தை பேச வராது. மகள் கதை வேறு. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவாள். வாயைத் திறந்தால்தான் பூட்டு விழுந்துவிடும். போன நேர்முகத் தேர்வில் 'யெஸ் சார்' தவிர ஒன்றும் வரவில்லை என்று வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். நாளைக் காலையில் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசை வேலைக்கு இன்னொரு தேர்வு. இதுவும் கைநழுவினால் இனி எதற்கும் போகப்போவதில்லை என்று சொல்லியிருந்தாள்.

அப்போது போன் ஸ்பீக்கரில் அந்த டீச்சர் சிரித்தாள். சிரிப்பு மேலே ஏறி, முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு விக்கல். அந்த விக்கல் உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு.

அவர் தங்கை. அவர் பேசி முடித்த கல்யாணத்தை, ஊரையெல்லாம் அழைத்த பிறகு உதறிவிட்டு, தனக்குப் பிடித்தவனோடு கடல் கடந்து போனவள். நாலு பேர் முன்னால் தலைகுனிய நேர்ந்த அன்று, அவள் நிழல்கூட இனி என் வாசப்படியில் விழக்கூடாது என்றார். இன்றுவரை விழவில்லை.

மனைவி பக்கத்தில் நின்று புது ஃப்ரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா இது?"

"நான்தான் நம்பர் குடுத்தேன்." அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "புள்ள பேசிப் பழக வேற யாரு இருக்கா நம்ம வீட்ல?"

"நான் சொன்ன சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"வாசப்படிக்கு வரக்கூடாதுன்னுதானே சொன்னீங்க? என் நாத்தனார் போன்ல வர்றாங்க. போனுக்கு ஏது வாசப்படி?"

இதற்கு ஒரு முடிவு கட்டுவதென்று எழுந்துபோய்த் திரையை விலக்கினார். மகள் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் இருந்த போனில் தங்கை, தேர்வு அதிகாரி மாதிரி குரலைக் கனமாக்கிக்கொண்டு, "டெல் மீ அபௌட் யுவர் ஃபாதர்" என்றாள்.

"மை ஃபாதர்... மை ஃபாதர் இஸ்... ஸ்ட்ரெயிட்."

"ஸ்ட்ரெயிட்? லைக் எ ஸ்கேல்?" மறுபடி அந்தச் சிரிப்பு, அந்த விக்கல்.

மகளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதன்பிறகு மடை திறந்த மாதிரி ஆங்கிலம் கொட்டியது. ஷாப், கஸ்டமர், ஹானஸ்ட் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அவருக்குப் பிடிபட்டது. 'நெவர்' என்று ஒரு சொல்லை மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாள். அவருக்காக வழக்காடுகிறாள் என்பது புரிய அகராதி வேண்டியிருக்கவில்லை. எங்கேயும் தடுக்கவில்லை. அந்தப் பூட்டு எங்கே போயிற்று?

"யெஸ்" என்றாள் தங்கை. குரல் இறங்கியிருந்தது. "தட் இஸ் ஹிம்."

மகள் யதேச்சையாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். பூட்டு விழுந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"ஹலோ? ஆர் யூ தேர்?"

அவர் கை போனுக்கு மேலே நின்றது. ஒரு விரல் பட்டால் போதும். நாளைக்குத் தேர்வு மேசைக்கு முன்னாலும் இவள் இதே முகத்தோடுதான் உட்காருவாள்.

கையை இழுத்துக்கொண்டார். அப்படியே வெளியே போயிருக்கலாம். ஆனால், ஆள் இருக்கிறதா என்று கேட்ட பிறகு ஒளிந்து போவது அவர் வீட்டு வழக்கமில்லை. பேசலாம் என்றால், என்னவென்று கூப்பிடுவது? 'நீ' என்று சொல்லும் உரிமையைத் தானே தூக்கியெறிந்தாயிற்று. 'நீங்க' என்றால் அவள் யாரோ எவரோ. தமிழில் இருந்தது இரண்டு கதவு. இரண்டையும் அவரே சாத்தியிருந்தார்.

வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியை இழுத்துப்போட்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஹவ்... ஆர்... யூ?"

அந்தப் பக்கமிருந்து சிரிப்பில்லாமல் விக்கல் மட்டும் வந்தது.

"ஃபைன்... ஃபைன், அண்ணே. அண்ட் யூ?"

மகள் அவர் காதோரம் குனிந்தாள். "உங்க டர்ன்ப்பா. தப்பாயிருந்தாலும் பரவால்ல, நிறுத்தாமப் பேசணும். எனக்கு அத்தை அதைத்தான் சொன்னாங்க."

எதிர்ச் சுவரில் எழுத்துகள் வரிசை வரிசையாக நின்றன. எல்லாம் தெரிந்த எழுத்துகள். எதை எதோடு சேர்ப்பது என்று, மேல்வரிசையிலிருந்து தேட ஆரம்பித்தார்.