இரண்டாவது படிக்கட்டு

இனி மகள் லாஸ்யாவின் நடன வகுப்பு சரவணம்பட்டியில், செங்கோட்டையன் காம்ப்ளெக்ஸின் இரண்டாவது மாடியில் நடக்கும் என்று டீச்சர் மோகனப்பிரியா அனுப்பியிருந்த செய்தியைக் கிருபா இரண்டு முறை படித்தாள்.

அந்தக் கட்டடத்துக்கு பிளான் போட்டவளே அவள்தான். கீழே ஜவுளிக்கடை, முதல் மாடியில் ட்யூஷன் சென்டர், இரண்டாவது மாடி வாடகைக்கு, மூன்றும் நான்கும் குடியிருப்பு. கடையும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கட்டடங்களுக்கு விதிமுறை கடுமையானது. முன்பக்கம் ஒரு படிக்கட்டு இருந்தால் போதாது. தீப்பிடித்தால் இறங்கி ஓட, பின்பக்கம் தனியாக இன்னொன்று வேண்டும். அது நேராகத் தெருவில் போய் முடிய வேண்டும். கிருபா அப்படித்தான் வரைந்திருந்தாள்.

எட்டு மாதங்களுக்கு முன்னால், பணி நிறைவுச் சான்றில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கடைசியாகப் பார்வையிடப் போனபோது, அந்தப் பின்படிக்கட்டின் அடியில் செங்கல் அடுக்கியிருந்தது. தெருப்பக்கத்து வாசலில் இரண்டு வரிசை கட்டியும் இருந்தார்கள்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டாள்.

"காம்பவுண்டு வேலைக்குக் கொண்டாந்ததுங்க அம்மணி. மழத்தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு ரெண்டு வரி வச்சிருக்கான். நாளைக்கே எடுத்துப்போடச் சொல்றேன்" என்றார் கட்டடத்துக்கும் கடைக்கும் சொந்தக்காரரான செங்கோட்டையன்.

அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான் மென்மையாக இருக்கும். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அவர் குடும்பத்துத் தென்னந்தோப்பில்தான் கிருபாவின் அப்பா மயில்சாமி முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தார். தோப்புக்காரரே தன்னைத் தேடி வந்து இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கொடுத்திருக்கிறார் என்பதில் கிருபாவுக்குப் பெருமை இருந்தது. அன்று மாலையே கையெழுத்துப் போட்டாள். மறுநாள் போய்ப் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாளும் பார்க்கவில்லை.

இப்போது ஒன்பது வயது லாஸ்யா அந்தக் கட்டடத்தில் சலங்கை கட்டி ஆடப் போகிறாள்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிருபா போனாள். கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. கட்டடத்தின் பக்கவாட்டுச் சுவர் முழுவதையும் பட்டுப்புடவை விளம்பரப் பலகை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. பின்படிக்கட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் வருவதற்காக அவள் வைத்த ஜன்னல்கள் எல்லாம் அந்தப் பலகைக்குப் பின்னால்தான் இருந்தன.

இரண்டாவது மாடி ஹாலில் இருபத்தாறு பெண்பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஸ்பீக்கரில் பாட்டு அதிர்ந்தது. கிருபா கைப்பையை லாஸ்யாவின் பைக்குப் பக்கத்தில் நாற்காலியில் வைத்தாள்.

"டீச்சர், ரெண்டே நிமிஷத்துல வாரேனுங்க."

வராந்தாவின் கோடியில் அந்த இரும்புக் கதவு இருந்தது. தள்ளினாள், திறந்தது. புகை உள்ளே வராமலிருக்கத் தானாகவே மூடிக்கொள்ளும் கதவு. படிக்கட்டுப் பக்கம் அதற்குக் கைப்பிடி கிடையாது. திருடன் ஏறி வந்துவிடுவான் என்று செங்கோட்டையன் சொன்னதால் கைப்பிடி வேண்டாம் என்று அவளே எழுதியிருந்தாள். கீழ்வாசல் திறந்திருக்கும்வரை அதில் ஆபத்தில்லை. இறங்கினால் தெருவுக்குப் போய்விடலாம்.

ஒரு செருப்பைக் கழற்றிக் கதவின் இடுக்கில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

உள்ளே புழுக்கமாக இருந்தது. பலகையின் ஓரங்களில் கசிந்த வெளிச்சத்தில் படியின் விளிம்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. முதல் மாடிக் கதவைத் தாண்டினாள். இன்னும் ஒரு மாடி. வெறுங்காலில் சிமெண்டுத் துகள் குத்தியது. கடைசித் திருப்பத்தில் தெரு வெளிச்சம் முகத்தில் அடித்திருக்க வேண்டும். கையை நீட்டியபோது சொரசொரவென்று ஏதோ பட்டது.

செங்கல். தரையிலிருந்து தலைக்கு மேல்வரை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தடவிப் பார்த்தாள். முழுக்க அடைத்துக் கட்டியிருந்தார்கள். பூசக்கூட இல்லை. தலைக்கு மேலே ஓர் ஓட்டையிலிருந்து மணிக்கட்டுப் பருமனில் இரும்புக் குழாய் ஒன்று அவளை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. இது எதற்கு என்று யோசிக்கும்போதே மேலே எங்கோ 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

கதவு மூடிக்கொண்ட சத்தம்.

இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினாள். இரண்டாவது மாடிக் கதவு சுவரோடு சுவராக மூடியிருந்தது. செருப்பு நசுங்கி இந்தப் பக்கம் விழுந்து கிடந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பிப் பார்த்தாள், அசையவில்லை. உள்ளங்கையால் தட்டினாள்.

"டீச்சர்! லாஸ்யா!"

அந்தப் பக்கம் பாட்டும், இருபத்தாறு ஜோடிக் கால்கள் தரையை மிதிக்கும் சத்தமும். போன் நாற்காலியில் இருக்கும் கைப்பையில் இருந்தது.

பதறக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாட்டு நிற்கும்போது தட்டினால் கேட்கும். யாராவது தேடி வருவார்கள். படியில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ போயிருக்கும். பாட்டு பாதியில் நின்றது. பிள்ளைகள் "ஓ"வென்று கத்தினார்கள். கரண்டு போய்விட்டது. அவள் எழுந்து கையை ஓங்குவதற்குள், அடியில் ஏதோ உறுமிக் கிளம்பியது. படிக்கட்டு முழுதும் அதிர்ந்தது. பாட்டு மறுபடி தொடங்கியது.

ஜெனரேட்டர்.

அந்தக் குழாய் எதற்கென்று அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது. புகைக்குழாயை மொட்டைமாடிக்கும் மேலே கொண்டுபோக வேண்டும் என்று பிளானில் கோடு போட்டிருந்தாள். அவ்வளவு தூரம் இழுக்காமல், சுவரில் ஓட்டை போட்டு, யாரும் வராத படிக்கட்டுக்குள் விட்டிருக்கிறார்கள். ஜன்னல்களைப் பலகை அடைத்திருந்தது. புகை வெளியேற வழியே இல்லை.

முதலில் டீசல் நாற்றம் வந்தது. பிறகு கண் எரிந்தது. கதவை இரண்டு கையாலும், பிறகு செருப்பாலும் அடித்தாள். சலங்கைச் சத்தம் அவள் குரலை விழுங்கியது. கீழே போனால் குழாய்க்குப் பக்கத்தில் போக வேண்டும். மேலே போனால் புகையும் அங்கேதான் போய்ச் சேரும். இரண்டும் தெரிந்திருந்ததால் சில நொடிகள் கால் எந்தப் பக்கமும் நகரவில்லை.

கடைசியில் மேலே ஏறி மூன்றாவது மாடிக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. நான்காவதிலும் இல்லை. மொட்டைமாடிக் கதவில் அந்தப் பக்கம் பூட்டுத் தொங்கும் சத்தம், தள்ளும்போதெல்லாம் கேட்டது. அங்கே புகை தேங்கி நின்றது. இருமினாள். இரும இரும இன்னும் உள்ளே இழுத்தாள். நெற்றிப்பொட்டில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல வலித்தது.

சாவதைவிட வேறொன்று அவளை அதிகமாக நடுக்கியது. கீழே கடையில் தீப்பிடித்தால் பிள்ளைகள் அந்த இரண்டாவது மாடிக் கதவைத்தான் தள்ளுவார்கள். சிவப்பு எழுத்தில் 'அவசர வழி' என்று அதன்மேல்தான் எழுதியிருக்கிறது. ஒருத்தி பின்னால் ஒருத்தியாக இருபத்தாறு பேரும் உள்ளே வருவார்கள். முதுகுக்குப் பின்னால் கதவு மூடிக்கொள்ளும். எல்லோருக்கும் முன்னால் லாஸ்யா இறங்குவாள். அவள் எதிலும் முந்துகிறவள். கடைசித் திருப்பத்தில் கையை நீட்டுவாள்.

கிருபா உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக மூன்றாவது மாடிக்கு நகர்ந்து வந்தாள். எழுந்து நிற்க முடியவில்லை. செருப்பால் கதவின் அடிப்பாகத்தை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

"யாருங்க அது?" கதவுக்குப் பின்னால் பயந்துபோன ஒரு பெண் குரல்.

"திறங்க... கதவத் தள்ளுங்க."

"யாருன்னு சொன்னாத்தான் திறப்பேனுங்க."

"டான்ஸ் கிளாசுக்கு வந்த பொண்ணோட அம்மாங்க. உள்ள மாட்டிக்கிட்டேன். பொகைங்க... மூச்சு முட்டுது."

சாமான்களை இழுக்கும் சத்தம் கேட்டது. செருப்பு ஸ்டாண்டு, சைக்கிள், ஏதோ பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு யுகம் ஆனது. பிறகு கதவு திறந்து கிருபாவின் தோளில் இடித்தது. வெளிச்சத்தோடு அவள் வராந்தாவில் சாய்ந்து வாந்தியெடுத்தாள்.

திறந்தவள் பெயர் இஸ்மத். வீட்டிலேயே தையல் தைப்பவள். "மெஷின் சத்தத்துல கேக்கலைங்க, நூலு மாத்த நிறுத்துனப்பறந்தான்..." என்று சொல்லிக்கொண்டே, உள்ளிருந்து வந்த புகையைப் பார்த்து முக்காட்டால் மூக்கைப் பொத்தினாள். "அல்லாவே! என்ற புள்ளைகளுக்கு, ஏதாச்சும் ஆச்சுன்னா இந்த வழியா ஓடுங்கன்னு சொல்லி வச்சிருக்கேனுங்க."

இஸ்மத் ஓடிப்போய் வாட்ச்மேனிடம் சொல்லி ஜெனரேட்டரை நிறுத்த வைத்தாள். கிருபா சுவரைப் பிடித்தபடி இரண்டாவது மாடிக்கு இறங்கினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே மோகனப்பிரியா கேள்வி கேட்காமல் பிள்ளைகளை முன்படிக்கட்டு வழியாக வரிசையாக இறக்கிவிட்டாள். தெருவோரத்தில் கிருபா ஒவ்வொரு தலையாக எண்ணினாள். லாஸ்யாவின் கையை விடவே இல்லை.

செங்கோட்டையன் கடைக்குள்ளிருந்து வந்தார்.

"ஏனுங்க அம்மணி, கொழந்தைகளப் போயி இப்படிப் பயமுறுத்திப்போட்டீங்களே."

"வாசல அடச்சுக் கட்டியிருக்கீங்க. பொகைய வேற உள்ள விட்டிருக்கீங்க. நான் செத்திருப்பேனுங்க."

"சரக்கு வைக்க எடம் பத்தலைங்க. தீபாவளி போகட்டும், நானே இடிச்சுப்போடறேன்."

"இன்னைக்கே இடிங்க."

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த விஷயம் வெளிய போனா என்ற கடை நாலு நாளைக்கு மூடிக் கெடக்கும், அவ்வளவுதானுங்க. சான்றுல கையெழுத்து யாரோடதுங்க? உங்களோடதுதானுங்களே. உங்கப்பாரு நம்ம தோப்பு ஊட்டுலதான இன்னும் குடியிருக்கறாரு? நல்லாருக்கறாருங்களா?"

சிரித்தமுகமாகத்தான் கேட்டார்.

அன்று இரவும் மறுநாள் முழுவதும் அவளால் சாப்பிட முடியவில்லை. தலைவலி இருந்துகொண்டே இருந்தது. கணவன் கௌதமன், "நீ என்ன முடிவெடுத்தாலும் சரி, ஆனா சீக்கிரம் எடு. அந்தக் கட்டடத்துல இன்னைக்கும் ஆளுக இருக்காங்க" என்றான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். வீடு போய்விடலாம் என்பதையும் சொன்னாள்.

"சாமான் கம்மிதான் கண்ணு," என்றார் மயில்சாமி. "ஒரு டெம்போ போதும்."

திங்கட்கிழமை காலை நகரமைப்பு அலுவலகத்தில் கிருபா ஒரு கடிதம் கொடுத்தாள். வாசல் அடைக்கப்படுவதன் அறிகுறியைப் பார்த்தும் சான்று கொடுத்தேன், அந்தச் சான்று தவறு என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த பெண் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"இத நான் பதிவு பண்ணிட்டன்னா திரும்ப எடுக்க முடியாதுங்க மேடம். யோசிச்சுக்கங்க."

"பண்ணுங்க" என்றாள்.

மறுநாள் அதிகாரிகள் தீயணைப்புத் துறையினரோடு வந்து பார்த்தார்கள். கடைக்கும் ஹாலுக்கும் சீல் வைத்தார்கள். குடியிருந்தவர்களைப் பத்து நாள் வெளியே போகச் சொன்னார்கள். நான்காவது மாடி ரங்கம்மாள் போன் செய்து, கைக்குழந்தையோடு மருமகளை எங்கே கூட்டிப்போவேன் என்று கிருபாவை வாய்க்கு வந்தபடி திட்டினாள். செங்கல் சுவரை இடித்த அன்று இஸ்மத் மட்டும் அங்கே போய் நின்று, கதவுகளுக்குக் கைப்பிடி வைக்கும்வரை பார்த்துவிட்டு, "வெளிச்சம் வருதுங்கக்கா" என்று செய்தி அனுப்பினாள்.

பிளான் போடவும் சான்று கொடுக்கவும் கிருபாவுக்கு இருந்த பதிவை இரண்டு வருடத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். தோப்பிலிருந்து ஆள் வந்து மயில்சாமியிடம் வீட்டைக் கேட்டான். அவர் கணபதி பகுதியில் இருந்த மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று பேருக்கே போதாத வீட்டில் நான்கு பேர் ஆனார்கள்.

நடன வகுப்பு வேறோர் இடத்தில் தொடங்கிய நாளில், லாஸ்யா சலங்கைப் பையை மடியில் வைத்துக்கொண்டு திடீரென்று கேட்டாள்.

"அம்மா, நீ கையெழுத்துப் போட்டப்பவே அங்க சுவரு கட்டுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். லாஸ்யாவுக்குத் தெரியப்போவதில்லை.

"தெரியும் கண்ணு" என்றாள். "கட்டுவாங்கன்னு தோணுச்சு. தோணியும் போட்டேன்."

லாஸ்யா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிருபா பார்வையை விலக்காமல் காத்திருந்தாள்.