நடு வரிசை

காலையில் என் மனைவி எனக்கு முன்னால் எழுவாள். கழிப்பறைக்குப் போவாள். வந்து பல் தேய்ப்பாள். மறுபடி போவாள். நான் எனக்குக் காபி போடுவேன், அவளுக்குச் சுடுதண்ணீர். வேலைநாளில் அவள் எதுவும் சாப்பிட மாட்டாள். சாப்பிட்டால் ஓட வேண்டும். பையின் அடியில் மாற்றுத் துணி இருக்கும். நான் செருப்பைப் போட்ட பிறகு இன்னொரு முறை போவாள்.

அவளுக்குப் பெருங்குடலில் புண். கல்லூரியில் படிக்கும்போதே வந்தது. தீராது, அடக்கி வைக்கலாம். அடக்கும் ஊசிக்குக் காப்பீடு கொடுத்தது வேலை பார்த்த கால் சென்டர். வேலை போனால் ஊசியும் போகும். எனக்கும் அங்கேதான் வேலை, காப்பீடு இல்லாத ஒப்பந்த வேலை; பக்கத்து இருக்கை. அவள் ஓடினால் அவளுடைய அழைப்பை நான் எடுப்பேன்.

"இவ்வளவு நேரம் ஒரு பொண்ணுல்ல பேசுச்சு? நீ யாருய்யா?"

"அவங்களுக்குத் தொண்டை கட்டிடுச்சு சார்."

திரும்பி வந்து கேட்பாள்: "யாரு, அந்தக் கத்துற ஆளா? நல்லவேளை, எனக்கு வயிறு சரியில்ல."

டீம் லீடர் இதைக் கண்டுபிடித்தான். அவளை நடு வரிசைக்கு மாற்றினான். கதவு எட்டாத இடம்.

"வயித்துவலி யாருக்குத்தான் இல்ல? உங்களப் பாத்தா எனக்குந்தான் வருது" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். "இனிமே நடுவுல எழுந்தா வீட்டுக்கே போயிடும்மா. அங்க நிம்மதியா உக்காரலாம்."

அவள் தண்ணீரையும் நிறுத்தினாள்.

அன்று காலை வயிறு கல்லாக வீங்கியிருந்தது. லீவு போடச் சொன்னேன்.

"போட்டா அவனுக்குக் கொண்டாட்டம். நீ வண்டிய எடு."

மதியத்துக்கு முன் எழுந்தாள். அவன் இரண்டு கைகளையும் விரித்து நடைவழியில் நின்றான். அவனைத் தாண்டிப் போனாள். கழிப்பறை வாசலில் விழுந்தாள். குடல் ஓட்டையாகிவிட்டது என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கண் திறக்கவில்லை.

துக்கம் கேட்க அவன் மாலையோடு வந்தான்.

"கடைசி நிமிஷம்கூட, 'சாரி சார், இந்த ஒரு கஸ்டமர் கால முடிச்சிட்டு வந்துடறேன்'னாங்க. அப்படி ஒரு பொறுப்பு."

என் மாமியார் அழுதுவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறார். அவருக்காக அங்கே வாயைத் திறக்கவில்லை.

நான் எழுந்து பின்னாலேயே ஓடியவன். அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது. சார் என்று சொல்லவில்லை.

"வழிய விடுடா, நாயே."