பூசணம் பிடித்த சீட்டும் நெல்டாவின் மூக்கும்

கார் கதவைத் திறந்ததும் எர்சிலியா ஓர் எட்டு பின்வாங்கினாள். ஓட்டுகிறவர் சீட்டில் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருந்தது. பின்சீட் அதைவிட மோசம். மே மாதம் பேட்டரி செத்ததும் ஷெட்டில் பூட்டிய கார்; இப்போது ஆகஸ்டு. நடுவில் மழை விட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிலோவே தீவின் குளிர்காலத்தில் அது ஒரு செய்தியே அல்ல.

"நாசமாப் போச்சு," என்றாள். கோபமெல்லாம் தன் மேல்தான். புது பேட்டரியை அன்றே வாங்கி மாட்டியிருக்கக் கூடாதா?

வியாழக்கிழமை காலை அக்கா நெல்டாவை புவெர்த்தோ மோன் நகரத்து நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். இன்று சனி. நெல்டாவுக்கு இரண்டு வருஷமாக இழுப்பு. இரண்டு தடவை தேதி வாங்கி இரண்டு தடவையும் போகவில்லை. முதல் தடவை பஸ்ஸில் குளிரும் என்றாள். அடுத்த தடவை நாய்க்கு உடம்பு சரியில்லை என்றாள். போன வாரம் இருமும்போது அவள் கைக்குட்டையில் ரத்தம் இருந்ததை எர்சிலியா பார்த்துவிட்டாள். அழுது, சண்டை போட்டு, ஒருவழியாகச் சம்மதம் வாங்கினாள்.

அந்தச் சம்மதத்துக்கும் நெல்டா ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். "உன் கார்ல வர்றேன். ஆனா பூசண வாடை துளி அடிச்சாலும் எறங்கிடுவேன், ஆமா. எனக்கு மூச்சு அடைச்சுக்கும்."

எர்சிலியா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். சுடுதண்ணீரில் சோப்பைக் கரைத்து, கை ஓயும் வரை சீட்டுகளைத் தேய்த்தாள். பிறகு மண்ணெண்ணெய் ஹீட்டரை ஷெட்டுக்குள் கொண்டுபோய் ஏற்றிவைத்து, குளிர் புகாதபடி கதவிடுக்கில் சாக்கைத் திணித்தாள். காலையில் எல்லாம் காய்ந்திருக்கும் என்று நம்பிக்கையோடு படுத்தாள்.

ஞாயிறு காலை ஷெட்டைத் திறந்தால் கார்க் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. சீட்டைக் கையால் அழுத்தினாள். விரலிடுக்கில் ஈரம் வந்தது. பக்கத்து வீட்டு பௌதிலியோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காரின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"என்னம்மா, காருக்குள்ள காளான் போடுறியா?"

"ஆமா. வெளஞ்சதும் உங்களுக்கு ஒரு கூடை அனுப்புறேன்."

"வம்பெதுக்கு? எங்கிட்ட தள்ளிவிடு. கோழி அடைக்க ஆகும்."

"உங்க கோழிக்கு என் கார் கேக்குதாக்கும்! போய் வேலையப் பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார். எர்சிலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் ஹீட்டருக்கு நேர் மேலே தகரத்தில் முத்து முத்தாக நீர் கோத்து நின்றது. படுக்கையறையில் இதே ஹீட்டரை ஏற்றும்போதெல்லாம் ஜன்னல் வியர்ப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புகைபோக்கி வைத்த விறகடுப்பு எரியும் சமையலறையில் அப்படி வியர்ப்பதில்லை. மண்ணெண்ணெய் எரிய எரிய ஈரத்தைத்தான் கக்கியிருக்கிறது! போதாததற்குச் சுவரோரம் ஆளுயரத்துக்குப் பச்சை விறகு. அதன் ஈரமும் இந்தக் காற்றில்தான் கலக்கிறது. இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மீன் பண்ணையில் வேலை முறை முடிந்து மதியம் வீட்டுக்கு வந்த கணவன் ரெனேவுக்கு, பையைக் கீழே வைப்பதற்குள் கையில் ஸ்பேனர் கிடைத்தது.

"சாப்பாடு?"

"மொதல்ல சீட்டக் கழட்டு."

கழற்றிய சீட்டுகளைத் தாழ்வாரத்தில் போட்டு, எர்சிலியா மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பூசணத்தைப் பிரஷ்ஷால் உதிர்த்தாள். வினிகர் தெளித்துத் துடைத்தாள். ஆப்பசோடாவைத் தூவி உறிஞ்சவிட்டுத் தட்டினாள். அதன் பிறகுதான் சீட்டுகள் சமையலறைக்குள் வந்தன. விறகடுப்பு இரவும் பகலும் எரிந்தது. ஜன்னல் ஒரு சாண் திறந்தே இருந்தது. நெல்டா அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு. ரெனே மூன்று நாளும் பின்சீட்டில் உட்கார்ந்துதான் சூப் குடித்தான்.

"பெல்ட் போட்டுக்கணுமா? சூப் கொஞ்சம் வேகமாப் போகுது."

"வாய மூடிட்டுச் சாப்பிடு. பின்னாடி சாயாதே, இன்னும் காயல."

பச்சை விறகு முழுவதும் ஷெட்டை விட்டு வெளியேறியது. எடுத்துப் போட்டது ரெனேதான்; முணுமுணுத்தான், ஆனால் போட்டான்.

புதன் மாலை சீட்டுகளைத் திரும்ப மாட்டி, புது பேட்டரியும் போட்டார்கள். எர்சிலியா குனிந்து முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. நான்கு நாள் வினிகரில் ஊறிய மூக்கை எப்படி நம்புவது? ரெனேவின் மூக்கோ மீனுக்குப் பழகிய மூக்கு. யோசித்தாள், நேராக வேலிக்குப் போனாள்.

"பௌதிலியோ, கொஞ்சம் வந்து மோந்து பாருங்க."

குறை கண்டுபிடிக்கக் கூப்பிட்டால் அவர் வரமாட்டாரா? ஓடியே வந்தார். சீட்டில் தேடினார், கூரையில் தேடினார், முகம் தொங்கிப் போயிற்று. கடைசியில் சீட் பெல்ட்டைச் சுருளிலிருந்து முழுசாக இழுத்து மூக்கருகே கொண்டுபோனவர், வெற்றிக் களிப்போடு திரும்பினார்.

"இந்தா இருக்கு! நாறுது!"

எர்சிலியாவுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நான்கு பெல்ட்டுகளையும் வெளியே இழுத்து, சுருண்டுகொள்ளாமல் கவ்வி போட்டு, நூல் நூலாக வினிகரில் துடைத்துக் காயவிட்டாள்.

வியாழன் காலை நெல்டா கறுப்புக் கோட்டும் கம்பளி சால்வையுமாக வந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்தாள், ஆனால் ஒரு கால் இன்னும் தரையில்தான் இருந்தது. சீட்டை முகர்ந்தாள். பெல்ட்டை முகர்ந்தாள். குனிந்து மிதியடியைத் தூக்கிப் பார்த்தாள். திரும்பிப் பின்சீட்டுப் பக்கம் மூச்சை இழுத்தாள். எர்சிலியா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"வாடையே இல்ல," என்றாள் நெல்டா.

"இல்லக்கா."

"கொஞ்சமாவது இருக்கும்னு நெனச்சேன்." அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இருந்திருந்தா எறங்கி வீட்டுக்குப் போயிருப்பேன் எர்சி."

"தெரியும்."

"அந்த டாக்டர் என்ன சொல்லுவாரோன்னு பயமா இருக்குடி."

"எனக்கும்தான் பயமா இருக்கு. அதான் அந்தத் தேய்ப்புத் தேய்ச்சேன்."

நெல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தரையில் இருந்த காலை உள்ளே எடுத்துவைத்து, கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள்.