முதல் வெர்ஷன் வந்த வாரம்

பெங்களூர் காக்ஸ் டவுன் நர்சிங் ஹோம் ஒன்றில் லேப் கம்ப்யூட்டர் சாந்தகுமாரியின் பொறுப்பு. 1993 கடைசியில், ஆபீஸ்களுக்கென்றே ஒரு புது ஆபரேட்டிங் சிஸ்டம் வந்தது. முதல் வெர்ஷன். ஊரில் எல்லோருக்கும் முன்னால் நாம் போட்டுவிட வேண்டும் என்று மேனேஜர் ஹரிஷ்குமார் துடித்தார்.

"சார், நம்ம பிரிண்டர் இதுல ஓடாது. பிரிண்டரை ஓட்டற டிரைவர் சாஃப்ட்வேர் இன்னும் வரல. பழைய மெஷின் ஒண்ணாவது இருக்கட்டும்."

"பழசையே கட்டிட்டு அழாதீங்க மேடம். அட்ஜஸ்ட் மாடி," சமாளியுங்கள் என்று கன்னடத்தில் முடித்தார்.

பழைய மெஷின் ஸ்டோர் ரூமுக்குப் போனது. ரிப்பன் வெட்டி, தேங்காய் உடைத்து, போட்டோவும் எடுத்தார்கள்.

மறுநாள் காலை வின்சென்ட்டைக் கொண்டு வந்தார்கள். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். குடல்வால் வீங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தார். ரத்தப் பரிசோதனை முடிந்து ரிசல்ட் திரையில் நின்றது. பிரிண்டர் அசையவில்லை. சாந்தகுமாரி கையால் எழுதி, லேப் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். கையால் எழுதிய ரிப்போர்ட் செல்லாது என்று ஹரிஷ்குமார்தான் உத்தரவு போட்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க சாயங்காலம் வருவாங்க. வெயிட் பண்ணச் சொல்லுங்க," என்றார் அவர்.

வின்சென்ட்டின் மனைவி ஆரோக்கியமேரி வாசலிலேயே நின்றாள். "யம்மா, மெஷினுக்கு உடம்பு சரியில்லன்னா எங்க வூட்டுக்காரரு ஏம்மா சாவணும்?"

சாந்தகுமாரி படியேறிப் போய் ஆபரேஷன் செய்யும் டாக்டரைக் கையோடு கூட்டிவந்து திரைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"பேப்பர் வராது டாக்டர். இதப் படிங்க."

அவர் படித்தார். "இதுக்கா இவ்வளவு நேரம் காக்க வெச்சீங்க?" என்று கத்திவிட்டு, கேஸ் ஷீட்டில் தானே எழுதிக்கொண்டு ஓடினார். வின்சென்ட் பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடல்வால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர்.

அடுத்த நாள் சாந்தகுமாரிக்கு மெமோ வந்தது. விதியை மீறினாளாம், மன்னிப்பு எழுதித் தர வேண்டுமாம். அதைக் கொண்டுபோய் ஹரிஷ்குமாரின் மேஜையில் வைத்தாள்.

"மன்னிப்பா? பழைய மெஷினைத் தூக்கினது யாரு? செல்லாதுன்னு சொன்னது யாரு? வின்சென்ட் மூணாவது வார்டுல இருக்காரு. போய் நீங்க கேளுங்க சார்."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போகட்டும். எழுத மாட்டேன்."

அவர் வார்டுக்குப் போகவில்லை. வேலையும் போகவில்லை. வியாழக்கிழமை பழைய மெஷின் சத்தமில்லாமல் லேபுக்குத் திரும்பி வந்தது. தப்பு நடந்தது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதைத்தான் அவளால் பொறுக்கவே முடியவில்லை.