டாலியாவின் கழுத்து

ஐரின் டீச்சர் கொடைக்கானலில் இருந்து நான்கு டாலியா கிழங்குகளைக் கொடுத்துவிட்டபோது கூடவே ஒரு பந்தயத்தையும் கட்டினார். திண்டுக்கல் வெயிலில் அவை தை கடைசிக்குள் பூத்துவிட்டால், யாருக்கும் தராத தன் கருஞ்சிவப்பு டாலியாவில் ஒரு கிழங்கு முனீஸ்வரிக்கு. அந்தக் கருஞ்சிவப்பைக் கேட்டு மூன்று வருடமாகிறது. நகை கேட்டிருந்தால்கூட இதற்குள் கிடைத்திருக்கும்.

புரட்டாசியில் நான்கு பெயிண்ட் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி மொட்டை மாடியில் வைத்தாள். நடுவதற்குள் சாணார்பட்டியில் ஒரு காதுகுத்து வந்தது. அவள் போன பகலில் கிழங்குகள் கணவர் சடையாண்டியின் கண்ணில் பட்டன.

சடையாண்டி சேனைக்கிழங்கு மொத்த வியாபாரி. தண்டைச் சீவி, வேரைக் கழித்து, மண்ணைத் துடைத்து வைத்தால்தான் கேரளா லாரிக்காரர்கள் முகம் சுளிக்காமல் எடுப்பார்கள். டாலியாவையும் அப்படியே சீவி, வாளியில் அவரே புதைத்தும் வைத்தார். மனைவிக்கு உதவிய திருப்தியில் மதியம் நன்றாகத் தூங்கினார்.

நாற்பது நாளாகியும் முளை இல்லை. முனீஸ்வரி ஒரு வாளியைக் கவிழ்த்தாள். கிழங்கு கல் மாதிரி இருந்தது. வெள்ளை வேர்கூட விட்டிருந்தது.

"பாத்தியா, அழுகவே இல்ல. சரக்குன்னா இது சரக்கு," என்றார் சடையாண்டி.

"முளை எங்கங்க?"

"உள்ள ஒக்காந்து நானா தள்ளிவிட முடியும்?"

படம் எடுத்து ஐரினுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"முனீஸு, யாரு இத வெட்டுனது? தண்டும் கெழங்கும் சேர்ற கழுத்துலதான முளைக்கிற கண்ணு இருக்கு. கழுத்தையே காணோமே."

"எங்க வீட்டு யாவாரிதான் டீச்சர். சுத்தம் பண்ணிருக்காரு."

மறுமுனையில் சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆனது. "அப்ப பந்தயம் போச்சு."

"அதெப்படிப் போகும்? வெயிலு கொன்னுரும்னுதான நீங்க சொன்னீங்க. வெயிலு ஒண்ணும் செய்யல, கெழங்கு கிண்ணுனு இருக்கு. கெடுத்தது இவரு. இவரு பந்தயத்துலயே இல்ல."

சடையாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். மார்க்கெட்டில் இப்படி ஒரு வாதத்தை அவர் கேட்டதில்லை.

"என்னதான் செய்யணுங்கிற?" என்றார் ஐரின் டீச்சர்.

"வேற நாலு அனுப்புங்க. சித்திரைக்குள்ள பூக்க வைக்கிறேன்."

"சித்திரையெல்லாம் கெடையாது. மாசி கடைசி. ரெண்டுதான் தருவேன்."

"மாசிக்கு ஒத்துக்கிறேன். மூணு."

"மூணு தாரேன். ஒங்க வீட்டுக்காரரு தொடக்கூடாது. அத அவரு வாயால சொல்லட்டும்."

சடையாண்டி தொண்டையைச் செருமினார். "தொடல டீச்சர். தண்ணி மட்டும் ஊத்தலாம்ல?"

"முளை வார வரைக்கும் அதுவும் வேணாம். நீங்க ஊத்துனா வாளி மெதக்கும்."

மாசி இருபத்தாறாம் தேதி புதுக் கிழங்குகள் மூன்றில் ஒன்றில் மஞ்சளாய் ஒரு பூ விரிந்தது, எலுமிச்சம்பழம் அளவுக்கு. படத்தைப் பார்த்த ஐரின் டீச்சர், எவ்வளவு பெரிய பூ என்று முதலிலேயே பேசாமல் விட்டது தன் தப்புதான் என்று சொல்லிவிட்டு, கருஞ்சிவப்பைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.